எண்ணெய் குடித்த கல்

அக்டோபர் 9, வியாழன்

லுஜைன் இன்று என்னை உம்மு சுஹைலின் புது வீட்டுக்கு அழைத்துப்போனாள். என் பேத்தி தனியாக எடுத்துச் செய்யும் முதல் வீடு. மகன் கல்யாணத்துக்காக உம்மு சுஹைல் கட்டுவது. கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள். உள்ளும் புறமும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கூடத்துச் சுவரில் ஒரு கல்லின் வரி அடுத்த கல்லில் போய்ச் சேர்கிறது, தையற்காரி பூவோடு பூ பொருத்தித் தைத்த மாதிரி. கல்லையெல்லாம் தரையில் பரப்பி லுஜைனே எண் போட்டாளாம். திரும்பும்போது எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லாமல் எப்படி?

ஒன்றுதான் உறுத்துகிறது. வாசலின் மேற்கல். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ். வீட்டுக்குள் நுழையும் முன் கல்யாணப் பெண் ஊர் வழக்கப்படி மேற்கல்லில் பிசைந்த மாவை ஒட்டவேண்டுமே, இதில் எங்கே ஒட்டுவாள்? ஊரே நிற்கும்போது அது வழுக்கி விழுந்தால் அந்தக் குடித்தனம் நிலைக்காது என்று பேசமாட்டார்களா? பழி யார் தலையில் விழும்?

"நானும் சொரசொரப்பா பொளிஞ்ச கல்லுதான் போடலாம்னேன் தேத்தா. அவங்களுக்குக் கண்ணாடி மாதிரிதான் வேணுமாம். மாவுதானே, ஒட்டும், விடுங்க" என்கிறாள் பேத்தி.

ஒட்டாது. எத்தனை கல்யாணத்துக்கு மாவு பிசைந்த கை இது.

அக்டோபர் 11, சனி

ஏன் செய்தேன்? என் பேச்சுதான் சரி என்று காட்டவா?

லுஜைன் என்னைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தரை ஓடு பார்க்கக் கடைக்குப் போனாள். வேலையாட்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பையில் மாவு கொண்டுபோயிருந்தேன், இந்த வருஷத்துப் புது ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்தது. மர ஏணியில் ஏறி, நடுவில் அத்தி இலை வைத்து அழுத்தினேன். பிடித்தது. கீழே இறங்கி ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் மெல்ல நழுவிப் படியில் விழுந்தது.

நான் சொன்னது சரிதான். ஆனால் கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்த வட்டம். முக்காட்டால் துடைத்தேன். போகவில்லை. கல் குடித்துவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

சுவர் வரியை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்று பொய் சொல்லிப் போனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். என் செம்புப் பாத்திரமெல்லாம் அதில்தான் பளபளக்கும். கல் நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் எண்ணெய் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி இருந்த பளபளப்புதான் செத்துப் போயிற்று. உள்ளங்கை அகலம் இருந்தது இப்போது தாம்பாளம் அகலம்.

அக்டோபர் 13, திங்கள்

பார்த்துவிட்டார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

உம்மு சுஹைல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கல் கொடுத்து இழைத்த அபூ ஃபவ்வாஸை வாசலில் நிற்கவைத்து, "சொத்தைக் கல்லைத் தலைமேல ஏத்தியிருக்கியே, நாங்க என்ன உனக்குக் குருடங்களா?" என்று கேட்டாள். அவர் முப்பது வருஷம் கல்லோடு கிடந்த மனிதர். லுஜைன் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து அவளுக்குக் கல்லின் வரி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். அவரை வேலையைவிட்டுப் போகச் சொல்லும் பொறுப்பை லுஜைன் தலையிலேயே கட்டினாள்.

கல்லை மாற்றவும் வழியில்லை. மேலே இருக்கிற வளைவு முழுக்க அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளை வந்து செருப்போடு படுத்துவிட்டாள். "அவர் கல்லு சொத்தைன்னு என் வாயால சொல்ல வெச்சுட்டாங்க தேத்தா." தலையைத் தடவிக்கொடுத்தேன். எந்தக் கையால்!

அக்டோபர் 16, வியாழன்

அபூ ஃபவ்வாஸ் தன் சாமான்களை எடுக்க அந்தப் புது வீட்டுக்கு வந்தார். நானும் லுஜைனோடு போயிருந்தேன். போகும் முன் ஏணியில் ஏறிக் கல்லை முகர்ந்தார். விரலால் அந்த மங்கிய இடத்தைத் தடவினார். இறங்கி வந்து என்னைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"புது எண்ணெய் எப்படி இருக்கு ஹாஜியா, இந்த வருஷம்?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லி உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் என் மானத்தைச் சுமந்துகொண்டு போகிறார். இன்னும் இரண்டு வீட்டில் அவரிடம் சொன்ன கல்லை வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

அக்டோபர் 17, வெள்ளி

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய் இது. அல்லாஹ்வே, எப்படித் திறப்பது?

அக்டோபர் 18, சனி

திறந்தேன்.

அபூ ஃபவ்வாஸ் வீட்டுக்குப் போய், "கூட வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். உம்மு சுஹைல், அவள் மகன், லுஜைன், வேலையாட்கள், எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் இருக்கட்டும் என்றுதான் போனேன். மாவு நான் ஒட்டியது, எலுமிச்சை நான் தேய்த்தது, கல்லிலும் குற்றமில்லை, இவர் மேலும் குற்றமில்லை என்றேன்.

"பேத்தி வீடு கட்டுவா, பாட்டி அதுல ரொட்டி சுடுவாளா?" என்றாள் உம்மு சுஹைல். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அபூ ஃபவ்வாஸ் பக்கம் திரும்பி, தான் சொன்னதை மறந்துவிடும்படி கேட்டாள். என்னை இனி இந்தப் படி ஏறவேண்டாம் என்றாள்.

லுஜைன் என்னை வீட்டில் இறக்கிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

வேலை திரும்ப நடக்கிறது என்று லுஜைனின் அம்மா, என் மருமகள், வந்து சொன்னாள். அபூ ஃபவ்வாஸ் வெள்ளை மண்ணைக் குழைத்து அப்பி, மேலே தாள் ஒட்டி எண்ணெயை உறிஞ்ச விட்டிருக்கிறாராம். எண்ணெய் பாதி வரும். எலுமிச்சை தின்ற பாலிஷ் வராது. முழுக் கல்லையும் உளியால் பொளிந்துவிடுவதுதான் வழியாம். உம்மு சுஹைல் முடியாது என்றாள். பிறகு நாளை எண்ணிப் பார்த்துச் சம்மதித்தாள்.

லுஜைன் சாப்பிடும் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போகிறாள்.

அக்டோபர் 22, புதன்

இன்றும் தட்டு அவள் அறைக்குத்தான் போயிற்று.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று கல்யாணம், எனக்கு அழைப்பு இல்லை. மருமகளும் போகவில்லை, எனக்குத் துணையாக இருந்தாளாம். கேட்டேனா நான்? ஊர்வலத்தின் கார் ஹாரன்கள் ஜன்னல் வழியாகக் கேட்டன. அப்புறம் நின்றுவிட்டன. இப்போது வாசலில் நிற்பாள் அந்தப் பெண், இப்போது மாவோடு கையைத் தூக்குவாள் என்று நினைத்துக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினேன். விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு லுஜைன் வந்தாள். முடியில் கல்தூசி. கல்யாண வீட்டுக்குக்கூட அதோடு போயிருக்கிறாள். சாவியை மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒட்டிக்கிச்சு."

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படியில், என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.