பிரேக் மேடம்

மார்ச் 3, செவ்வாய்

என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பல் டாக்டர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினான்கு வகுப்பு முடிந்தும் ஒரு தடவைகூட வண்டி அவர் காலால் நின்றதில்லையாம். எல்லாம் என் காலாம். பயிற்சி வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் எதற்கு வைத்திருக்கிறார்கள், அழகுக்கா? முதலாளி தாளை மேசையில் போட்டார். "இது மூணாவது. கத்துக்க வர்றவங்க உனக்கு வெச்சிருக்கற பேர் தெரியுமா? பிரேக் மேடம்." தெரியும். பதினேழு வருஷமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், காதில் விழாமலா இருக்கும்? "கவுன்சிலிங் போயிட்டு ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்து ஃபார்ம் நிரப்பு."

எனக்குப் பைத்தியம் என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

போனேன். மாடியில் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா. அழ வைக்காமல் விட மாட்டார்கள் போல. அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். பல் டாக்டரைத் திட்டினேன். "ம்ம்" என்றார். முதலாளியைத் திட்டினேன். "ம்ம்." இந்த "ம்ம்" போடுவதற்கு ஒரு படிப்பு, சுவரில் சட்டம் போட்ட பட்டம் வேறு.

கடைசியில், "எப்ப இருந்து இப்படி முன்கூட்டியே பிரேக் போடறீங்க?" என்றார். எப்போதுமே என்றேன். பொய். என் தம்பி கார் லாரியில் மோதிச் செத்து எட்டு மாதம் ஆகிறது. அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அதற்கு முன்னால், என் வகுப்புதான் வேண்டும் என்று ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். அதையெல்லாம் இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

தம்பி மனைவி குழந்தையோடு வந்தாள். ஸ்கூலில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போக முடியவில்லையாம். "அண்ணி, எனக்கு ஓட்டக் கத்துக்கொடுங்க" என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு. "ஒரு சாவு பத்தாதா உனக்கு? புள்ளைய அனாதையாக்கணுமா?" என்று கத்திவிட்டேன். அவள் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாயா இது?

மார்ச் 12, வியாழன்

ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை "ம்ம்" அம்மாவிடம் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. ஊர் சொல்வதையே சொன்னேன் — தங்கமான பையன், விதி, லாரிக்காரன். "நீங்க கத்தினது அவங்க மேலதானா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது. இருக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

இனிமேல் போவதாக இல்லை.

மார்ச் 19, வியாழன்

போனேன். லெட்டர் வேண்டுமே.

சொல்லியும் தொலைத்தேன், யாரிடமும் சொல்லாததை. அன்றைக்கு அவன் ஓட்டிக்கொண்டே எனக்குப் போன் செய்தான். "அக்கா, உன்ன மாதிரியே ஒத்தக் கையில ஓட்டறேன்." நான் சிரித்தேன். வைடா என்று சொல்லவில்லை. வகுப்பில் எவனாவது போனைத் தொட்டால் ஓரங்கட்டி இறக்கிவிடுகிறவள் ஆறு நிமிடம் அரட்டை அடித்தேன். பேச்சு பாதியில் நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து டீ போடப் போனேன்.

"உங்க தப்பு இல்ல" என்பார், சொன்னால் ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "வைடான்னு சொல்லியிருந்தா வெச்சிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார்.

வைத்திருக்க மாட்டான். என் பேச்சை என்றைக்குக் கேட்டான்? வளைவுல முந்தாதடா, முந்தாதடான்னு தொண்டை கிழியச் சொன்னேன். கேட்டியா? பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல விட்டுட்டு, என்னை வாயத் திறக்க முடியாம பண்ணிட்டு — தங்கமான பையனாம்! அந்த அறையிலேயே கத்தினேன். கீழே மருந்துக்கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

செத்தவன் மேல் கோபப்படலாமா என்று கேட்டேன். "எட்டு மாசமா பட்டுட்டுதானே இருக்கீங்க? பாவம், பல் டாக்டர் நடுவுல மாட்டிக்கிட்டார்" என்றார். சிரிப்பு வந்தது. அதற்கும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

ஒரு வகுப்பில் என் கால் எத்தனை தடவை பிரேக்குக்குப் போகிறதென்று எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் "ம்ம்" அம்மா. இன்றைக்கு நாற்பத்தொன்று. தேவைப்பட்டது இரண்டு.

ஏப்ரல் 9, வியாழன்

பன்னிரண்டு. பல் டாக்டர் சிக்னலில் தானாகவே நிறுத்தினார். நிறுத்திவிட்டு, மலையைப் புரட்டியவர் மாதிரி என்னைப் பார்த்தார். "சரி" என்றேன். அவருக்கு அதுவே ஜாஸ்தி.

லெட்டரும் வந்துவிட்டது. முதலாளி, "அப்ப இனிமே அங்க போக வேண்டாமே?" என்றார். அது என் இஷ்டம் என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அந்தப் போன் விஷயத்தைத் தம்பி மனைவியிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதைக் கேட்கத்தான் போனேன். நேராகப் பதில் சொல்வாரா? மாட்டார். "சொல்லலேன்னா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?" என்கிறார். தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்?

சொல்லாவிட்டால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்து விழுவேன். அதுதான் ஆகும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தம்பி மனைவி வீட்டுக்குப் போனேன். குழந்தையின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என்னை வெளியே போகச் சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியும் அண்ணி. போன்ல கடைசி நம்பர் உங்களோடது."

"தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?"

"அதுக்கு முந்தின நம்பர் என்னோடது. அரை மணி நேரம் பேசினேன். நானும் வைங்கன்னு சொல்லல."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது மாதம், ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம், ஒருத்திக்கொருத்தி தெரியாமல். முதலில் அவள்தான் ஆரம்பித்தாள். "சொன்ன பேச்சு கேக்காத மனுஷன், அண்ணி." "சின்ன வயசுலயே அப்படித்தான், கழுதை" என்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவனை வாய் வலிக்கத் திட்டினோம், அழுதுகொண்டே. குழந்தை வந்து, "யாரைத் திட்டறீங்க?" என்றது. "உங்கப்பாவத்தான்" என்றாள்.

கிளம்பும்போது அந்த மாடி அறையின் போன் நம்பரைக் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலை ஆறரை, தம்பி மனைவிக்கு முதல் வகுப்பு. கிளட்சை விடத் தெரியவில்லை, ஐந்து தடவை வண்டி ஆஃப். கத்தினேன். அவளும் திருப்பிக் கத்தினாள்.