பிசுக்கு ஒட்டாத கோடு

ஜனவரி 6, வெள்ளி

மழை. கண் ஆபரேஷனுக்காக மனைவி சின்-ஷியாவை மகள் வென்-ஹுய் தைச்சுங் நகரத்துக்கு அழைத்துப்போய் மூன்று நாளாகிறது. போகும்போது மகள் சொன்னது: "புத்தாண்டு நாலாம் நாள் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்ப்பா. இந்த அடுப்படியில அவங்க தனியா ஒரு டீ போட்டுக் காட்டட்டும், விட்டுட்டுப் போறேன். முடியலைன்னா எங்கூடவே இருக்கட்டும்."

போன மாதம் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு டைல் கழன்று சின்-ஷியாவின் கால்மேல் விழுந்தது. அதிலிருந்துதான் இந்தப் பேச்சு. சுவரை நானே சரிசெய்வதென்று இருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சிமெண்ட் புரியாதா? புரியாமலும் போகலாம். திட்டமும் குறிப்புகளும்:

1. ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்ப்பது.
2. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வந்தால் பெயர்ப்பது. செங்கல் பொரிந்திருந்தால் அதையும்.
3. தூக்குக்குண்டு பிடித்து, மேடு பள்ளம் இல்லாமல் பூசுவது. காயவிடுவது.
4. புது டைல். 25-க்குள் முடிய வேண்டும்; அன்றுதான் சந்திரப் புத்தாண்டின் நாலாம் நாள்.
5. வாசலிலிருந்து அடுப்புவரை, இடுப்பு உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாத ஒரு கோடு ஓடுகிறது. கையகலம். சமையல் ஆவி போகும் வழியாக இருக்கும். முக்கியமில்லை.

ஜனவரி 8

தட்டியவை 312. சரியில்லாதவை 147. அடுப்புப் பக்கச் சுவர்தான் மோசம். வாசலருகே மூலை உடைந்த டைல், பிறகு வயிறு தள்ளியதுபோல் ஒரு புடைப்பு, அடுப்பை ஒட்டி வாணலிப் பிடி இடித்து இடித்து விழுந்த குழி. இத்தனை வருஷம் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. சமையல் நேரத்தில் அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை.

ஜனவரி 9

உளியை எடுத்த நேரத்தில் எதிர்வீட்டு அ-சாய் வந்துவிட்டாள். நாற்பது வருஷம் புருஷனோடு டைல் ஒட்டப் போனவள்.

"வாத்தியாரே, அடுப்புச் சாமி இன்னும் மேல போகலை. அவர் தலைமாட்டுலயா உளி வைக்கப் போறீங்க? மேல போய் உங்களைப் பத்திக் கோள் சொல்லிடுவாரு."

எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன்.

"அப்ப வைங்க. நான் நின்னு பாக்கறேன்."

வைக்கவில்லை. வருஷக் கடைசியில் அடுப்புச் சாமி வானத்துக்குப் போய் வீட்டு நடப்பைச் சொல்வார் என்பார்கள்; வழியனுப்புவது 15-ஆம் தேதி. ஆறு நாள் வீண். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஜனவரி 12

சின்-ஷியா போனில் பேசினாள். கட்டு பிரித்தாயிற்று, "கொஞ்சம் மங்கல்தான்" என்றாள். சுவரைப் பற்றிச் சொன்னேன்.

"அடுப்புப் பக்கத்தை விட்டுடுங்களேன். பழகிப்போச்சு."

"ஒரு பக்கம் மட்டும் கோணலா நிக்குமே."

"நிக்கட்டுமே, என்ன இப்ப."

என் இடுப்புவலியை நினைத்துச் சொல்கிறாள் போலிருக்கிறது. அ-சாயிடம் கேட்டேன். "பாதிச் சட்டையை மட்டும் துவைப்பீங்களா வாத்தியாரே?" முழுதாகவே செய்வது.

ஜனவரி 15

கோள் சொல்லாதிருக்க அடுப்புக்கு மேலிருந்த சாமி படத்தின் வாயில் இனிப்பு தடவி, படத்தைக் கழற்றி, காணிக்கைத் தாள் எரித்து அனுப்பினேன். மதியம் உளி வைத்தேன். பழைய பூச்சு மணலாகக் கொட்டியது. செங்கல்லில் உப்புப் பூத்திருந்தது. சுரண்டினேன், கழுவினேன், மறுபடி சுரண்டினேன். புடைப்பு நாலே அடியில் போயிற்று.

ஜனவரி 17

சுவர் மேலே 2.7 சென்டிமீட்டர் வெளியே சாய்ந்திருக்கிறது. அ-சாய் காட்டிக்கொடுத்தபடி, சுவரை நனைத்து, அங்கங்கே சிமெண்ட் உருண்டை அப்பி, மேலே டைல் துண்டு பதித்து மட்டம் குறித்தேன். கொத்தனார்கள் அதை மோச்சி என்கிறார்கள், அரிசிப் பலகாரம் மாதிரி இருப்பதால். "பசிச்சா கடிச்சுடாதீங்க" என்றாள். பூசி முடிக்க இருட்டிவிட்டது.

ஜனவரி 21

புத்தாண்டுக்கு முந்தின நாள். மழை. பூச்சு காயவில்லை. நூடுல்ஸ்.

ஜனவரி 24

முடிந்தது. அ-சாய் சுவர் நெடுக உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். "ஒரு எறும்பு தடுக்காது" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி 25, புதன்

காலையில், மேலே போய்த் திரும்பும் சாமியை வரவேற்று, படத்தைப் பழைய இடத்தில் ஒட்டினேன். பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள்.

"டீ போடும்மா, பாக்கறேன்" என்றாள் வென்-ஹுய்.

சின்-ஷியா உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன் — அவள் சமைக்கப் போகும்போது நான் பின்னால் போனது இதுதான் முதல் தடவையோ? வலது கையைச் சுவரில் வைத்தாள். இடுப்பு உயரம். கை வழுக்கிக்கொண்டே போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. அடுப்பைத் தாண்டிப்போய் எதிர்ச் சுவரில் முட்டி நின்றாள்.

"அடுப்பை எங்க மாத்தினீங்க?"

மாத்தலை. அங்கேயேதான் இருக்கு. அவ தோளைப் பிடிச்சு அடுப்புப் பக்கம் திருப்பினேன்.

"அம்மா, எவ்வளவு நாளா இப்படி?"

"நாலு வருஷம் இருக்கும்" என்றாள். "சுவர் இருந்துச்சு, சமாளிச்சேன்." பிறகு என் பக்கம் — ஏறக்குறைய என் பக்கம் — திரும்பினாள். "நல்லா பண்ணியிருக்கீங்க. வழவழன்னு இருக்கு."

நாலு வருஷம். தினம் மூணு வேளை. எதிர்லயே உக்காந்து சாப்பிட்டேனே. என்னத்தைப் பாத்துட்டிருந்தேன்?

ஜனவரி 27

நேற்று மதியப் பேருந்தில் போய்விட்டார்கள். அவளுடைய குளிர் சட்டைகள் எல்லாம் போயின. வாணலியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு?" என்றாள் சின்-ஷியா. கொடுத்துவிட்டேன்.

இன்று 312 டைலையும் மறுபடி தட்டினேன். ஒன்றுகூடப் பழுதில்லை.

கொல்லையில் இடிபாட்டு மூட்டையைப் பிரித்தேன். மூலை உடைந்த அந்த டைல் கிடைத்தது. உடைந்த விளிம்பு கூராக இல்லை, தேய்ந்து மழுங்கியிருந்தது. கழுவி மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

பிசுக்கு ஒட்டாத கோட்டைப் பற்றி ஆறாம் தேதி எழுதிய ஐந்தாவது குறிப்பு தவறு. அது ஆவி இல்லை.