கட்டம் கலைந்த தசை

மார்ச் 3
நோயாளியின் தசைத் துண்டுக்குச் சாயம் ஏற்றும்போது பக்கத்தில் நல்ல தசை ஒன்றும் வேண்டும். சாயம் சரியா என்று அதுதான் சொல்லும், கன்ட்ரோல் என்போம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது என் தொடை. பத்து வருடமாக ஆரோக்கியத்துக்கு நானே அளவுகோல். பழையது தீர்ந்ததால் இன்று மறுபடி ஒரு துண்டு கொடுத்தேன். "உன்னை விட்டா யாரும்மா இருக்கா" என்றார் டாக்டர்.

மார்ச் 5
தசையில் ஓடுவதற்கு வேக இழை, நின்று தாங்குவதற்கு மெது இழை. காரக் கரைசலில் ஊறினால் வேக இழை கறுக்கும், மெது இழை வெளுக்கும். நல்ல தசையில் இரண்டும் சதுரங்கப் பலகைபோலக் கலந்து கிடக்கும். இன்று நோயாளியுடையது அழகான பலகை. என்னுடையதில் கறுப்பெல்லாம் ஒரு மூலை, வெள்ளையெல்லாம் ஒரு மூலை. பேசிவைத்துப் பாகம் பிரித்ததுபோல.
கரைசல் கெட்டிருக்கும்.

மார்ச் 6
புதுக் கரைசல். அதே.

மார்ச் 7
அமிலத்தில் ஊறவைத்தேன். முறைப்படி கறுப்பு வெளுத்தது, வெள்ளை கறுத்தது. கூட்டம் மட்டும் கலையவில்லை.

மார்ச் 9
காலையில் வீட்டில், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல் இவர் சொன்னார்: "தூங்குறப்ப உன் தொடை தனியா துள்ளுது. உள்ள எலி ஓடுற மாதிரி."
"எப்பலேர்ந்து?"
"மழைக்காலத்துலேர்ந்து. சொன்னா திட்டுவ."
"வாடகை குடுத்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.
பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். தோலுக்கடியில் ஏதோ புரண்டு படுத்தது. நான் அசைக்கலை. அப்ப யாரு?

மார்ச் 10
நரம்பு ஒன்று செத்தால் அதன் இழைகள் அநாதை. பக்கத்து நரம்பு அவற்றைத் தத்தெடுத்துத் தன் இனமாக்கிக்கொள்ளும்; அப்படித்தான் ஒரே நிறம் ஒரே மூலையில் கூடும். படித்த காலத்தில் அது கருணையாகத் தெரிந்தது. உள்ளே சாவு விழுகிறது, வாரிசு வருகிறது. வீட்டுக்காரிக்குத் தகவல் இல்லை.
யாருடையது என்று சொல்லாமல் என் தசையின் கண்ணாடித் தகட்டை டாக்டர் முன் வைத்தேன்.
"பாவம், நரம்பு போய்க்கிட்டிருக்கு. யாரு பேஷன்ட்?"
"கன்ட்ரோல், சார்."
அவர் நுண்நோக்கியிலிருந்து கண்ணை எடுக்க நெடுநேரமாயிற்று.

மே 22
இப்போது உட்கார்ந்துதான் வேலை. இடது காலும் துள்ளுகிறது. புதிய கன்ட்ரோலுக்கு யாரும் தொடை நீட்டவில்லை. அவரவருக்கு அவரவர் காரணம். கடைசியில் டாக்டரே கொடுத்தார். சாயம் ஏற்றி வைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.
"நீயே பாத்துச் சொல்லும்மா."
பார்த்தேன். அழகான பலகை, கட்டத்துக்குக் கட்டம் அப்படியே இருந்தது.
உடனே சொல்லவில்லை.