மேல் வரியைப் பார்த்து எழுதிய நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சின்னவள் இதை நிறுத்தி நிறுத்தித்தான் படித்துக் காட்டுவாள், அவளை அவசரப்படுத்தாதீர்கள். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

ஆபீசில் என் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. வேலைதான் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தபோது உங்கள் பிரஷர் நோட்டைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு நாள், ஐம்பத்திரண்டு வரி, எல்லாமே 120/80. பிரஷர் பார்க்கும் மிஷினின் கைப்பட்டையோ நான் மடித்து வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. கேட்டதற்கு, "நீதானம்மா மேல எழுதிக் குடுத்த? அதப் பாத்துத்தான் எழுதுனேன். ஒரு தப்பு இருக்கா பாரு" என்றீர்கள். முகத்தில் அவ்வளவு பெருமை.

தப்பே இல்லை அப்பா. முதல் பக்கத்தில் எட்டு என்ற எண் இரண்டு தனித்தனி வட்டமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் அழகாகச் சேர்ந்துவிட்டது.

இருக்க வேண்டிய அளவு என்றுதான் அதை மேலே எழுதினேன். பள்ளிக்கூடம் போகாதவருக்கு மேல் வரி என்றால் பார்த்து எழுதத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் போனில் "எழுதினீங்களாப்பா" என்று கேட்டேன். என்ன எழுதினீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நம் வீட்டிலேயே அதிகம் படித்தவள் நான்.

அன்று நான் கட்டிப் பார்த்தபோது 190/116. பிரஷர் கிட்னியிலும் கை வைத்துவிட்டது என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது, நீங்கள் கேன்டீனில் உலை வைக்க நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

உப்பைக் குறையுங்கள் என்றால், "உப்புப் பாக்காம எறக்குனா முந்நூறு பேரும் என் மூஞ்சில துப்புவான்" என்கிறீர்கள். காலையில் நடக்கச் சொன்னதற்குப் பதினோரு நாள் நடந்தீர்கள். கேன்டீன் ஸ்டோர்காரர் "மாஸ்டர் மாப்பிள்ளை ஆகப்போறாரு" என்று கேலி செய்ததும் அதுவும் நின்றது. தலைசுற்றல் போனதும் மாத்திரையும் போனது. கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அப்பா. போன் அடித்தாலே நம் வீட்டு எண்ணா என்று பார்க்கிறேன்.

இதோடு புது நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மேலே எதுவும் எழுதவில்லை. மிஷின் என்ன காட்டுகிறதோ அதை எழுதுங்கள். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் நான் தப்புப் போட மாட்டேன். எட்டு கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

நூறு பக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கம் வரைக்கும் உங்கள் கையெழுத்தே இருக்கட்டும் அப்பா.

உங்கள்
பெரியவள்