சூரியன் மறையாத ஊரில் சதுர்த்தி

அன்புள்ள அம்மாவுக்கு பத்ரியின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? புனேயில் நான் சௌக்கியம்.

நான் பார்த்தேயிராத நார்வேக்கு இங்கே ஆபீஸில் உட்கார்ந்து சுற்றுலாத் திட்டம் போடுகிறேன். மலையிடுக்கில் படகுச் சவாரி, பனியாறு, நள்ளிரவுச் சூரியன் என்று அடுக்கினேன். இங்கே ஔந்துப் பேட்டையிலிருந்து டிக்கெட் போட வந்த தேவ்தர் அம்மாள் குறுக்கிட்டார்.

"நள்ளிரவுச் சூரியன் பாக்கற அன்னிக்கு எனக்குச் சங்கடஹர சதுர்த்தி உபவாசம். சந்திரனைப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவேன். சூரியனே மறையாத ஊர்ல சந்திரன் எப்ப வரும்?"

எனக்குத் தலை சுற்றிவிட்டது. கம்ப்யூட்டர் ஒன்று சொல்கிறது, மானேஜர் ஒன்று சொல்கிறார். நீயும் அந்த விரதம் இருக்கிறவள்தானே, மேகம் மூடினால் என்ன செய்வாய்? குருக்களையும் கேட்டு எழுது. நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பு. பஸ் வந்துவிட்டது.

பத்ரி

பி.கு.: போன சதுர்த்திக்கு, அந்த முழங்காலோடு, உன்னை மொட்டை மாடிக்கு யார் கைபிடித்து ஏற்றினார்கள்?