பத்தொன்பது வருஷம் கந்தசாமி

ஆடி 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். மௌலா அலிக் குன்று கண்ணுக்குத் தெரியவில்லை. குடையில் இரண்டு கம்பி போச்சு.

அபீல் திங்கட்கிழமை. தோற்றால் ஆறு மாதம் ஜெயில். ஜாமீன் அதுவரைதான்.

நடந்ததை வரிசையாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார் வக்கீல். மாமன் மகன் கந்தசாமிக்கு ரயில் பட்டறையில் வேலை உத்தரவு வந்தது. ஆற்காட்டிலிருந்து இந்த உருது பேசும் ஊருக்குத் துணைக்கு நானும் வந்தேன். மூன்றாம் நாள் உலைச் சூடு தாங்காமல் அழுதான். "மச்சான், நீயே போ" என்று, கேட்டில் காட்டுகிற பித்தளை வில்லையை என் கையில் வைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறினான். போனேன். போர்மேன் என்னையும் பார்த்தார், வில்லை நம்பரையும் பார்த்தார். "ரெண்டு கை இருக்கா? உள்ளே போ." இப்படி வந்தவர்கள் பட்டறையில் இன்னும் உண்டு. யார் என்று எழுத மாட்டேன்.

அன்று முதல் நான் கந்தசாமி. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் முனிரத்தினம்.

இப்போது அவன் மகனுக்கு வேலை வேண்டும். பட்டறையில் வேலை செய்கிறவன் மகனுக்குத்தான் முதல் இடம். உடனே கந்தசாமிக்குத் தன் பெயர் திருடு போன ஞாபகம் வந்தது. புகார் எழுதினான். கீழ்க் கோர்ட்டில் எனக்கு ஆறு மாதம் போட்டார்கள்.

ஆடி 6, சனி

வக்கீல் வீடு. அவருக்குத் தமிழ் வராது, எனக்கு உருது பாதி. என் மகள் தையல்தான் நடுவில் நின்று மாற்றிச் சொல்கிறவள். எட்டாவது படிக்கிறாள்.

"நைனா, போர்மேன் செத்துட்டாரு, வேற சாட்சி இல்லைங்கிறாரு. ஆள மோசம் பண்ண மூளை வேணும், அது உங்களுக்கு இல்லேன்னு கோர்ட்டுல சொல்லப் போறாராம். அவர் என்ன சொன்னாலும் நீங்க ஹவ், ஆமாம்னு சொல்லணுமாம்."

வக்கீல் வாயில் வெற்றிலை. என் காகிதத்தில் இரண்டு சொட்டு. நானே துடைத்தேன்.

திருடனாக உள்ளே போவதா, முட்டாளாக வெளியே வருவதா. இரண்டாவதற்கு எனக்குத் தகுதி அதிகம். வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு வக்கீலு? நானே வந்து சொல்றேன்."

ஆடி 7, ஞாயிறு

நாளைக்கு எடுத்துப்போக: தீர்ப்பு நகல், ஜாமீன் காகிதம், குடை, தயிர்சாதம். திரும்பி வராவிட்டால் துண்டு ஒன்று, பல்பொடி.

பல்பொடியை ஒளித்து வைத்தேன். வீட்டுக்காரி கண்டுபிடித்து, பொட்டலத்தை இன்னும் பெரிதாகக் கட்டினாள்.

ஆடி 8, திங்கள்

கோர்ட்டு வராந்தா. ஈரக் குடை நாற்றம். கந்தசாமி வந்திருந்தான், மகனோடு. என் தோளில் கை போட்டான். "இளைச்சிட்டியே மச்சான். தங்கச்சி சௌக்கியமா?" அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அவனைவிட என்மேல்தான் அருவருப்பு.

சேவகன் "முனிரத்தினம்" என்று மூன்று தடவை கூப்பிட்டான். யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். தையல் இடித்தாள். "நைனா, நீங்கதான்." போய் நின்றேன். அடுத்து, புகார் கொடுத்த "கந்தசாமி" என்று கூப்பிட்டான். "ஹாஜர்" என்றேன். கந்தசாமி அதற்குப் பிறகுதான் பெஞ்சிலிருந்து எழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நீதிபதி சிரிக்கவில்லை. கந்தசாமியிடம் ஏதோ கேட்டார். தையல் அப்புறம் சொன்னாள்: பேர் திருடு போய் பத்தொன்பது வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றாராம். "அழுதுகிட்டிருந்தேன்" என்றானாம்.

வக்கீல் என் மூளையைப் பற்றி அரை மணி நேரம். நான் ஹவ், ஹவ்.

தீர்ப்பு நாளை. துண்டும் பல்பொடியும் பையிலேயே.

ஆடி 9, செவ்வாய்

தண்டனை ரத்து. தையல் படித்துச் சொன்னாள்: தன் பேரே நினைவில்லாத ஆள், மோசம் செய்யும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலை போனது போனதுதான் என்று பட்டறை முன்பே முடிவு செய்துவிட்டது. வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

படியில் கந்தசாமி. "மனசுல வெச்சிக்காத மச்சான். பையனை உலைப் பக்கம் போடாம பாத்துக்கச் சொல்லி யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லு."

துப்பினேன். யார் காலிலும் படாமல், தள்ளி. அதிலும் கோழை.

டாங்கா வண்டியில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் தையல், "கைக்கு நைனா? எல்லாத்துக்கும் ஏன் ஹவ் சொன்னீங்க?"

"வெளியே வர."

"ஜெயில்லேருந்தா?"

குடையின் ஒடிந்த கம்பியை நிமிர்த்த ஆரம்பித்தேன்.

ஆடி 11, வியாழன்

மழை விட்டது. பட்டறை கேட். வில்லையைக் கொடுத்தேன். குமாஸ்தா கையெழுத்துக் கேட்டார். கந்த என்று போட்டுவிட்டேன். அடித்துவிட்டு, பக்கத்தில் முழுசாக முனிரத்தினம். புது ஆள் கையெழுத்து மாதிரி கோணலாக வந்தது.

எனக்குப் பின்னால் அவன் மகன். "கந்தசாமி மகனா? உள்ளே போ" என்றார் குமாஸ்தா. மூஞ்சியைப் பார்க்கவில்லை.

சங்கு ஊதிற்று. ரோட்டுக்கு வந்துவிட்டேன். உள்ளேயிருந்து யாரோ, "கந்தசாமி அண்ணே, கந்தசாமி அண்ணே."

திரும்பவில்லை. இன்னும் கழுத்து வலிக்கிறது.