திரும்பி வந்த சாயங்காலம்

என் அன்பு மனைவிக்கு,

இத்தனை வருடமும் என் சாயங்காலங்களை முதலாளிகள்தான் திருடினார்கள். நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் முதுகுவலி தேவலையா?

எங்கள் சலவைக்கூடத்தின் புது முதலாளியம்மா, ஒரே வேலையில் குடும்பம் நடத்தும் அளவுக்கு எல்லோருக்கும் சம்பளத்தை உயர்த்திவிட்டார். இவரால் முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை? ஓட்டலில் பாத்திரம் கழுவும் இரண்டாவது வேலையை விட்டுவிட்டேன். ஆனால் நேற்று ஷிப்ட் முடிந்ததும் கால் பழக்கதோஷத்தில் அங்கேயே போய்விட்டது. சமையற்காரர் சிரித்தார்: “யோவ், வேலைய விட்டுட்டு வேண்டுதலுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தியா? ரூமுக்குப் போய்யா!”

வெளிச்சம் இருக்கும்போதே அறைக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ தைத்த தலையணை உறை ஒன்றை அனுப்பு. சாயங்காலம் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள்? போட்டோவைக் காட்டினால் பாப்பா என்னை யாரென்று சொல்கிறாள்? மறைக்காமல் எழுது.